பேச்சு மேய்ந்த கூட்டம்

காஞ்சிரவிளைக் கோயில் மணிக்கூண்டில் கட்டியிருந்த பழைய குழாய் ஒலிபெருக்கிக்குள் எத்தனையோ வருஷமாகக் குடியிருந்த தேனீக்கள், வைகாசி முடியப்போகிற ஒரு புழுக்கமான ஞாயிற்றுக்கிழமை, உபதேசியார் ஆபேல் பிரசங்கத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரத்தில் மொத்தமாகக் கிளம்பி, தெருக்குழாயையும் தங்கையனின் டீக்கடையையும் தாண்டி, ஓடையைத் தாண்டி, அக்கரையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிற ஒரே வீட்டின் முற்றத்து அயினி மரத்தில், சின்னப் பலாச்சக்கை ஒன்று காய்த்ததுபோல வந்து தொங்கின.

அது ஞானதாஸின் வீடு. அந்த வீட்டில் அவரும் அவர் மனைவி லீதியாளும் மூன்று வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மகள் ஷைனியின் கல்யாணப் பந்தியில், ஒல்லியான மாப்பிள்ளையின் இலையைப் பார்த்து லீதியாள், "இவருக்கு இன்னும் ரெண்டு அகப்பை சோறு போடுங்க, இல்லைண்ணா போட்டோ எடுக்குததுக்கு முன்ன காத்துல பறந்துபோவாரு" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாகூடச் சிரித்தாள். ஞானதாஸ் மட்டும் பயந்துபோய், அத்தனை பேர் முன்னால், "நீ கொஞ்சம் மிண்டாம இரி" என்றார். வாயைத் திறக்காதே என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். லீதியாள் சரியென்று தலையாட்டினாள், அன்றிலிருந்து அவரிடம் மட்டும் பேசவில்லை. கல்யாணக் களைப்பில் அவர் அதைக் கவனிக்கவே சில நாட்கள் ஆயின. கவனித்தபோது முதலில் அது ஒரு சுகமாக இருந்தது, பிறகு அவளாகப் பேசுவாள் என்று தோன்றியது, அதன்பிறகு வெட்கப்படாமல் கேட்கக்கூடிய காலம் கடந்துபோயிருந்தது.

பேச்சு இல்லையே தவிர வேறு எதுவும் குறையவில்லை. அவர் சந்தையிலிருந்து மீன் வாங்கிவந்தால் அவளுக்குப் பிடித்த சாளையாகத்தான் இருக்கும், அவருக்கு இருமல் வந்தால் தலைமாட்டில் கசாயம் இருக்கும். சொல்லியே ஆகவேண்டியதை இருவரும் வீட்டு ஆடு செம்பியிடம் சொன்னார்கள்.

ஞானதாஸ் ஒரு காலத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தவர். கூட்டுக்குள்ளேயே புழுக்கள் அழுகிச் சாகிற நோய் வந்த வருஷம் அவருடைய பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின, காலியானவற்றை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், கடைசிப் பெட்டியைப் பார்த்த மறுநாள் ரப்பர் வெட்டும் வேலைக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த ஒரு பெட்டியில் கோழி அடைகாத்தது. கூட்டம் அயினி மரத்தில் வந்து தொங்கியதைக் கண்டதும் அவர் ஏணியை எடுக்கப் போனார். ஏணியோடு திரும்பி வருவதற்குள் லீதியாள் கோழியை வேறிடத்துக்கு மாற்றி, பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள்.

அவர் கூடை ஒன்றைக் கவிழ்த்துக் கூட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டார், இருட்டைக் கண்டால் தேனீ மேலே ஏறும். அவள் கீழேயிருந்து இலைக்கொத்தால் தண்ணீர் தெளித்தாள்.

"செம்பி, கொஞ்சம் இடது பக்கமா தெளிக்கச் சொல்லு" என்றார் ஞானதாஸ் ஏணியிலிருந்து.

"செம்பி, எனக்குக் கண்ணு தெரியும்ணு சொல்லு" என்றாள் லீதியாள்.

ஆடு இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பலா இலையைத் தின்றது.

கூட்டத்தைப் பெட்டிக்குள் தட்டினார்கள். பெட்டி வைத்திருந்த பழைய சிநேகிதர் ஒருவரிடம் போய்ப் புழு இருந்த தேனடை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, ஞானதாஸ் அதைப் பெட்டிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிவைத்தார், குஞ்சைக் கண்ட கூட்டம் சீக்கிரத்தில் விட்டுப்போகாது. ராணி வெளியே வர முடியாதபடி வாசலைச் சிலநாள் சுருக்கிவைத்து, புது அடை கட்டத் தொடங்கியதும் திறந்துவிட்டார். மழைக்காலம் தொடங்கிவிட்டதால், பூவில்லாத நாட்களில் எல்லாரும் செய்வதுபோலச் சீனியைக் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்தார். தேனீக்கள் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன, சீனித் தண்ணீரை எறும்பு குடித்தது.

"செம்பி, சீனிய வேண்டாம்ணு சொல்லுத தேனீய நான் பாத்ததில்ல" என்றார் அவர். லீதியாளும் பார்த்ததில்லை.

அவை எதைத் தின்கின்றன என்பதை முதலில் பார்த்தது சொர்ணபாய். தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, டீக்கடைக் கழுவுதண்ணீரைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டதற்காக அவள் தங்கையனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு தேனீ வந்து அவள் உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் காற்றில் நின்றது. கொட்டவில்லை. பூவுக்குள் நீட்டுவதுபோல நாக்கை நீட்டி, அவள் சொன்ன சொல் போய்க்கொண்டிருந்த வழியில் எதையோ தொட்டுத் தொட்டு எடுத்து, வயிறு கனத்ததும் ஓடைப்பக்கம் பறந்துபோயிற்று. உடனே அடுத்தது வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று காத்திருந்தது.

"நிறுத்தாதீங்க அக்கா" என்றான் தங்கையன். "பாவம், அதுக வரிசையில நிக்குது."

"பதில் சொல்ல வாயில்லாம தேனீயச் சாட்டுதியாலே?"

தங்கையன் பதில் சொன்னான். அவன் வாய்க்கு முன்னாலும் ஒன்று வந்து நின்றது.

இதைப்பற்றி ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. மழைக்காலத்தில் பூ இல்லை, காஞ்சிரவிளையில் பேச்சு இருந்தது, இருக்கிறதைத்தானே எதுவும் தின்னும் என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது எந்தப் பேச்சில் எடுக்கும், எதில் எடுக்காது என்பதுதான், அதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சீக்கிரத்திலேயே கண்டுபிடித்தார்கள். ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பார்த்துச் சொல்லும் எந்த வார்த்தையிலும் எடுக்கும். பொய்யிலும் எடுக்கும், வசவிலும் எடுக்கும், மீன் நல்லதா என்று கேட்டாலும் எடுக்கும். தனியாகப் புலம்பினால் வராது. டிவிப்பெட்டிக்கு வராது. கோயிலுக்குள் ஜன்னல் வழியாக வந்த ஒன்று பிரசங்கபீடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவழியே போனது, உபதேசியார் ஆபேலுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒலிபெருக்கிக்குள் அத்தனை வருஷம் இருந்து அவை பட்டினியல்லவா கிடந்திருக்கும் என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது. ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்தவர், "டேய், அது எனக்க செருப்பு" என்று ஒருவனைப் பார்த்துக் கத்தியபோது மூன்று தேனீக்கள் ஒன்றாக வந்து நின்றன. அவர் சந்தோஷத்தில் செருப்பை மறந்து அவனிடம் வீட்டு விசேஷமெல்லாம் விசாரித்துக்கொண்டு நின்றார். சவுதியில் வேலைபார்க்கும் புருஷனோடு முகம் தெரியப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் உதட்டில் எடுத்த தேனீ, மீதியை எடுக்கப் போய்க் கைபேசிக் கண்ணாடியில் முட்டி முட்டித் திரும்பியது. அதன்பிறகு அவள், புருஷனோடு பேசி முடித்ததும் அந்த ஈக்காக மாமியாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் எழுந்தாள்.

பேச்சைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தால் மழையில் அவை தூரம் பறக்க வேண்டியதில்லை என்று நினைத்தது யாரென்று தெரியவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடையின் மேல் கிடந்த தென்னந்தடிப் பாலத்தைக் கடந்து வரத் தொடங்கினார்கள், வேலிச்சண்டையில் இருந்த அண்ணன் தம்பிகள் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டைபோட்டார்கள், பெண்பார்க்க வந்தவர்கள் முற்றத்து ஓலைக்கொட்டகையில் உட்கார்ந்து படிப்பையும் ஜாதகமில்லாத பொருத்தத்தையும் பேசினார்கள், டீக்கடையில் பேசுவதை மிச்சம் வைத்து இங்கே வந்து முடித்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால், "தேனீக்கு ரெண்டு வார்த்த போட்டுட்டு வாறேன்" என்பது ஊரில் ஒரு பதிலாயிற்று. லீதியாள் எல்லாருக்கும் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்து எல்லாரோடும் பேசினாள். மற்றவர்கள் வாயில் எடுத்த ஈ நேரே பெட்டிக்குப் பறக்கும் என்றால், அவள் வாயில் எடுத்த ஈ எழும்ப முடியாமல் தோளில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும்.

அடையின் ஓரத்தில் ஒரு நகமளவு பிய்த்து நாக்கில் வைத்துப் பார்த்த தங்கையன், "நம்ம சொர்ணத்தக்கா மாதிரியே இருக்கு, முதல்ல தொண்டைய அறுக்குது, பின்னதான் இனிக்குது" என்றான். அதற்காகவும் அவனுக்கு வசவு கிடைத்தது, அதுவும் பெட்டிக்குப் போனது.

விருந்தாட்கள் போனபின் முற்றத்தில் லீதியாளும் ஞானதாஸும் மட்டும் இருப்பார்கள். அப்போது சில தேனீக்கள் வந்து அவள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் வெறும் காற்றில் நின்று, கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பும். அவர் ஆட்டிடம் சொல்லும் வார்த்தைகளை அவை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"எண்ணே, ஒரு வார்த்த சொன்னா நாக்கு தேஞ்சா போவும்?" என்று சொர்ணபாய் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"அவளும்தான் மிண்டுதில்ல."

"மிண்டாம இருக்கச் சொன்ன ஆளு முதல்ல மிண்டட்டு" என்றாள் லீதியாள் சொர்ணபாயிடம்.

மிண்டாம இருக்கச் சொன்னது தப்பென்று அவருக்குப் பந்தியிலேயே தெரியும். அதை அவளிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்கும்போது வாக்கியங்கள் செய்வார், பால் சிரட்டையில் நிறைவதற்குள் அவை அவருக்கே கேவலமாகத் தெரியும், வீட்டுக்கு வந்து ஆட்டுக்குத் தழை போடுவார்.

பெட்டி வளர்ந்தது. ராணி சட்டம் சட்டமாக முட்டை வைத்தது, வந்ததெல்லாம் குஞ்சு வளர்க்கவே போயிற்று, சேமிப்பு என்று ஒரு விரல் அகலம்கூடத் தேன் வைத்து மெழுகால் மூடவில்லை. ஞானதாஸுக்கு அது பயமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை ஈ இந்த மழையைத் தாண்டி உயிரோடு இருந்துவிட்டால், மாசியில் ரப்பர் தளிர்த்து இலைக்காம்பில் தேன் சுரக்கும்போது ஒரு பெட்டி போதாது. தாண்டாவிட்டால் இன்னொரு காலிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு அவரிடம் தெம்பு இல்லை.

ஆடி மாதம் மழை நிற்பதை மறந்துவிட்டுப் பெய்தது. ஓடை கரை தெரியாமல் ஓடி, தென்னந்தடியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கரண்ட் போனது, கைபேசி செத்தது, ரப்பர் வெட்டு நின்றது. வாசல்வரை வந்த தேனீக்கள் மழையைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. எதிர்க்கரையில் சொர்ணபாய் குடைக்குக் கீழே நின்று, கையை வாயருகே குவித்து, யார் வீட்டில் யாரோடு யாருக்குத் தகராறு என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் கத்தினாள். வெள்ளத்தின் இரைச்சலில் ஒரு சொல்லும் இக்கரை சேரவில்லை. மறுநாளும் வந்து கத்தினாள். அதற்கடுத்த நாள் தொண்டை கட்டிப்போய், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

ஞானதாஸ் மூடியைத் திறந்தார். ஈக்கள் கையில் ஏறின, ஏறியவை நடக்கத் தெம்பில்லாமல் நின்றன. வாசலில் சில ஈக்கள் செத்த வெள்ளைப் புழுக்களை இழுத்துக்கொண்டுவந்து கீழே போட்டன. இந்த வேலையை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

லீதியாள் அடுப்படி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செம்பி, மழ கொஞ்சம் வெறிச்சா இதுக கூட்ட விட்டுப் போயிரும்" என்றார் அவர். ஒரே ஒரு ஈ எழுந்து, ஆட்டுக்கும் அவருக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, விழுவதுபோலப் பெட்டிக்குத் திரும்பியது. லீதியாள் எதையோ சொல்ல வாயெடுத்து, அவரைப் பார்த்து, மூடிக்கொண்டாள். அவர் சொல்லட்டும் என்று நின்றாள். நிற்பது அவளுக்கு எளிதாக இல்லை, கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மழை வெறித்தது. மேகம் விலகி வெயில் ஒரு துண்டு முற்றத்தில் விழுந்ததும், பெட்டியின் வாசலிலிருந்து தேனீக்கள் கஞ்சி பொங்குவதுபோலப் பொங்கி வெளியே வந்தன. ஞானதாஸ் வாளியோடு ஓடி மேலே மேலே தண்ணீரை வீசினார், லீதியாள் செம்பை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடி அவளும் வீசினாள், இருவரும் நனைந்தார்கள். ஈக்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தூரம் போகத் தெம்பில்லாமல், துணி உலர்த்தும் கயிற்றில் அவருடைய பழைய சட்டைக்குப் பக்கத்தில் இறங்கித் தொங்கின. கொஞ்சம் இளைப்பாறும். அதன்பிறகு கிளம்பினால் யாராலும் பிடிக்க முடியாது.

அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார், அவள் அந்தப் பக்கம் நின்றாள், நடுவில் தேனீக்கள் தொங்கின. கூட்டத்திலிருந்து ஒரு ஈ எழுந்து அவர் உதட்டுக்கு முன்னால் வந்து நின்றது. காட்டில் செய்துவைத்த வாக்கியங்களை அவர் தேடினார். மூன்று வருஷத்து வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் இல்லை. ஈ நின்றுகொண்டே இருந்தது.

"லீதியா" என்றார். "எனக்குப் பல்லு வலிக்குது."

அவள் கயிற்றுக்கு மேலே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தப் பல்லு?"

"கடவாய்ப் பல்லு. இடது பக்கம்."

"எப்பலேருந்து?"

"ஈஸ்டர்லேருந்து."

"ஈஸ்டர்லேருந்தா?" லீதியாள் செம்பைக் கீழே போட்டாள். "அதுக்குத்தான் முறுக்க சாயாவுல முக்கி முக்கித் தின்னீங்களா? எனக்க முறுக்கு கல்லு மாதிரி இருக்குண்ணு எனக்குக் காட்டுததுக்குண்ணுல்ல நினைச்சேன்! அண்ணைக்கு ராவு முழுக்க எனக்கு உறக்கம் இல்ல, தெரியுமா? வாயத் திறங்க. பெரிசா."

அவர் வாயைத் திறந்தார். அவள் கயிற்றுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து, அவர் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"குழியில ஒரு நெல்லிக்காயே வைக்கலாம் போலிருக்கு. இதை வச்சுக்கிட்டா மாங்கா தின்னீங்க?"

"ஆ ஆ" என்றார் அவர்.

"வாய மூடிட்டுச் சொல்லுங்க."

"நீ அரிஞ்சு வச்சியே, அதனால தின்னேன்."

தேனீக்கள் ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து கழன்றன. முதலில் ஐந்தாறு, பிறகு முப்பது நாற்பது, பிறகு எண்ண முடியாமல், இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போயின, போனவை திரும்பி வந்தன. ராணி எப்போது உள்ளே நடந்துபோனது என்பதை இருவரும் பார்க்கவில்லை. மறுபடி மழை பிடித்தது. அவர் பெட்டியைத் தூக்கிக் கொட்டகைக்குள் அடுப்படி ஜன்னலுக்குக் கீழே வைத்தார், வைக்கும்போதும் பேசிக்கொண்டிருந்தார்.

மழை விட்டு, ஓடை இறங்கி, ஊர்க்காரர்கள் வேறொரு தென்னந்தடியைப் போட்டபோது சொர்ணபாயும் தங்கையனும் உபதேசியாரும்தான் முதலில் கடந்தார்கள். கூடு செத்துத்தான் போயிருக்கும், கொஞ்சம் மிச்சமிருந்தால் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆளுக்குக் கொஞ்சம் பேச்சு சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். உபதேசியார், ஆட்களின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியவை என்று சிலவற்றை யோசித்து வைத்திருந்தார். சொர்ணபாய் தன் புதுச் சண்டை ஒன்றை, தொண்டை சரியான பிறகும் தங்கையனிடம் செலவழிக்காமல் முழுசாகக் கொண்டுவந்திருந்தாள்.

வேலியருகே வந்ததும் மூன்று பேரும் நின்றார்கள். கொட்டகையில் பெட்டியின் மேலே தேனுக்கென்று இன்னொரு பெட்டி ஏறியிருந்தது. மாசி மாதத்துப் பெட்டிபோல வாசலில் ஈக்கள் இடித்துக்கொண்டு போயின, வந்தன. ஞானதாஸ் தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு, அதற்கும் மேலே வைக்க இன்னொன்றுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். லீதியாள் எதிரே முக்காலியில் இருந்து ஆணி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவருடைய குரலும் ஓடைவரை கேட்டது.

"மிண்டாம இரிண்ணு நீங்க சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன். இல்லைண்ணு சொல்லேல்ல. அதுக்கு முன்ன நான் சொன்ன ஏதாவது ஒண்ண நீ கேட்டதுண்டா? இத மட்டும் என்னத்துக்குடி கேட்டே?"

லீதியாள் ஒரு ஆணியை எடுத்துக் கையில் உருட்டினாள். ஈக்கள் காத்து நின்றன.

"அவ்வளவு பேரு முன்னால சொன்னதுனால கேட்டேன்."

சுத்தியல் நின்றது. "அது தப்பு" என்றார் ஞானதாஸ். "அண்ணைக்கே தெரியும்."

"தெரிஞ்சுதா? தெரிஞ்சுமா வாயில பிண்ணாக்கு வச்சிருந்தீங்க?"

உபதேசியார் ஒரு காலை வேலிக்குள் எடுத்துவைத்தார். சொர்ணபாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"திரும்புங்க."

"நாம கொண்டுவந்தத என்ன செய்ய?" என்றான் தங்கையன்.

"போற வழியில நமக்குள்ள பேசித் தீத்துக்கிடுவோம். இங்க இப்பத்தான் கலியாணத்து அண்ணு முதல் பந்தி முடிஞ்சிருக்கு. இனி மூணு வருசத்துப் பேச்சு கெடக்கு."